கேட்போன் இழப்பு: அதியமான் குறித்த ஔவையார் பாடல்களில் இசையும் நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் பெரிதும் வரலாற்றுச் சான்றுகளாகவும் கொடைச் சிறப்புக்கு எடுத்துக்காட்டுகளாகவும் பயிலப்பட்டு வந்துள்ளன. அவற்றில் இடம்பெறும் தண்ணுமை, யாழ், பதலை, முழா, தடாரி, கிணை ஆகிய கருவிகளின் ஒலி பின்னணிச் செய்தியாகவே கருதப்பட்டது. இக்கட்டுரை அவ்வொலிகளை மையத்தில் வைத்து அப்பாடல்களை மறுவாசிப்புச் செய்கிறது. இசைக்குப் பொருளையும் உணர்வையும் அளிப்பதில் பாடுவோரைப் போலவே கேட்போருக்கும் பங்குண்டு என்ற புரிதல் இப்பாடல்களில் தொடர்ந்து வெளிப்படுகிறது. ஔவையாரின் கையறுநிலைப் பாடல்கள் புரவலனின் இழப்பை மட்டுமன்றிக் கேட்போனின் இழப்பையும் பாடுகின்றன என்பதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, ஔவையார், அதியமான், தகடூர், கிணை, கையறுநிலை, நடுகல், கூட்டு நினைவு

முன்னுரை

இசைக்கும் நினைவுக்கும் உள்ள உறவு இரு நோக்குகளில் ஆராயப்படுகிறது. தனிமனிதர் வாழ்வில் ஒரு பாடல் எந்த நினைவைக் கிளர்த்துகிறது, எவ்வுணர்வை எழுப்புகிறது என்று காண்பது ஒன்று. ஒரு சமூகம் தன் கடந்த காலத்தைப் பாட்டின் வழியே எவ்வாறு பேணிக் கையளிக்கிறது என்று காண்பது மற்றொன்று. முன்னது உளவியலின் களம். பின்னது சமூகவியல், மானிடவியல் ஆகியவற்றின் களம். தனிமனித நினைவு எப்போது சமூக நினைவாகிறது, அவ்வாறு ஆகும்போது எதை இழக்கிறது என்ற வினா இவ்விரு களங்களுக்கும் பொதுவானது. இவ்வினாவை எழுப்புவதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, இன்றைய தருமபுரியாகிய தகடூரோடு தொடர்புடைய ஔவையார் பாடல்கள்.

அதியமான் என்றவுடன் தமிழர் மனத்தில் தோன்றுவது நெல்லிக்கனி. பெறற்கரிய கனியைத் தான் உண்ணாது புலவருக்கு ஈந்த நிகழ்ச்சி (புறம். 91) பாடநூல்கள், மேடைப்பேச்சுகள், ஓவியங்கள் வழியாகப் பொதுநினைவில் நிலைபெற்றுள்ளது. அந்நினைவு ஒரு காட்சி; கொடுக்கும் கையும் வாங்கும் கையும் அதில் உள்ளன, ஒலி இல்லை. ஆனால் ஔவையார் அதியமானைப் பாடிய பாடல்களை வரிசையாகப் படிப்போர்க்கு அவை கருவிகளின் ஒலியால் நிறைந்தவை என்பது விளங்கும். பொதுநினைவு தக்கவைத்துக்கொண்டதற்கும் பாடல்கள் உண்மையில் பேசுவதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

ஆய்வு முன்னோடிகளும் இடைவெளியும்

உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894-இல் வெளிவந்தது. அதன் பின்னர் அதியமான் பாடல்கள் முதன்மையாக வரலாற்று நோக்கில் ஆராயப்பட்டன. அசோகனின் கல்வெட்டுகளில் குறிக்கப்படும் சதியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் வினாவுக்கு, திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு விடை தந்தது. சங்கப் பாடல் குறிக்கும் ஒரு தலைவனின் பெயர் கல்லிலும் கிடைத்தமையால் இப்பாடல்களின் வரலாற்று மதிப்பு மேலும் உயர்ந்தது.

இசைத்துறையினர் சங்க இலக்கியத்தை வேறு நோக்கத்தோடு அணுகினர். ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), விபுலானந்தரின் 'யாழ் நூல்' (1947) ஆகியன பண், சுருதி, கருவியமைப்பு ஆகியவற்றை மீட்டுருவாக்கம் செய்ய முற்பட்டன. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இப்பாடல்களை வாய்மொழி மரபில் தோன்றிய வீரயுகப் பாடல்களாகக் கண்டது. ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட நூல், பறை முதலிய கருவிகளை இசைப்போருக்கும் அக்காலச் சடங்குலகுக்கும் உள்ள உறவைச் சுட்டியது.

இவ்வாய்வுகள் யாவும் பாடுவோரையும் பாடப்பட்டோரையும் பாட்டின் வடிவத்தையும் விளக்கின. கேட்கும் செயல் தனிப்பொருளாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதியமான் கொடுப்பவனாகவும் போரிடுபவனாகவும் பேசப்பட்டான். கேட்பவனாக அவன் எங்கெங்கே தோன்றுகிறான் என்று தொகுத்துப் பார்க்கப்படவில்லை. அவ்விடைவெளியை இக்கட்டுரை தன் களமாகக் கொள்கிறது.

'இசை' என்னும் சொல்

சங்கத் தமிழில் 'இசை' என்பது ஓசையையும் பண்ணையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதம் தோன்றும் நிலைக்களன்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கினைக் கூறுகிறது. இங்கு இசைமை என்பது புகழுடைமை. ஒரே சொல் இவ்விரு பொருளையும் தாங்குவதைத் தற்செயலாகக் கொள்ள வேண்டியதில்லை. எழுத்து பரவலாக வழங்காத சூழலில் ஒருவனது புகழ் என்பது பிறர் வாயில் ஒலிப்பதும் பிறர் செவியில் விழுவதுமே ஆகும். ஒலிக்காத புகழ் இல்லை. கேட்கப்படாத ஒலியும் புகழாவதில்லை.

இச்சொற்பொருளை ஏற்றால், இசையைக் கேட்டல் என்பது பொழுதுபோக்காக நில்லாமல் ஒருவனது இருப்பை உறுதிசெய்யும் சமூகச் செயலாகிறது. பாணரும் பொருநரும் விறலியரும் புரவலனின் வாயிலில் நிற்பது பரிசில் பெறுவதற்காக மட்டுமன்று. அவனை ஒலியாக்கி நிறுத்துவதற்காகவும் ஆகும். இவ்வுறவில் புரவலன் பாடப்படுபவன், கேட்பவன் என்ற இரு நிலைகளிலும் நிற்கிறான்.

காற்று அறையும் தண்ணுமையும் குழவியின் மழலையும்

கேட்பவனே ஒலிக்குப் பொருள் தருகிறான் என்பதற்குப் புறநானூற்றின் 89-ஆம் பாடல் தெளிவான சான்று. உம் நாட்டில் போரிடுவார் உளரோ என்று வேற்று வேந்தன் ஒருவன் விறலியை வினவுகிறான். அடிக்கும் கோலுக்கு அஞ்சாது சீறியெழும் பாம்பு போன்ற இளைய மள்ளர் உள்ளனர் என்று அவள் விடையிறுக்கிறாள். அத்தோடு, பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையின் முகப்பில் காற்று மோதி எழும் ஒலியைக் கேட்ட அளவிலேயே போர் வந்ததென்று கூறும் தன் தலைவனும் உளன் என்கிறாள்.

இங்கு அத்தண்ணுமையை அடித்தவர் எவருமில்லை. ஒலி எழுந்தது காற்றால். அதில் செய்தியும் இல்லை, செய்தி சொல்லும் நோக்கமும் இல்லை. இருந்தும் அது போரின் ஒலியாகக் கேட்கப்படுகிறது. காற்றொலியைப் போரொலியாக்குவது கேட்பவனது பழகிய செவியும் அதில் படிந்த நினைவும் ஆகும். இப்பாடலை அதியமானின் போர் வேட்கைக்குச் சான்றாகக் காட்டுவது மரபு. அது பிழையன்று. ஆயினும் அவ்வேட்கையைப் புலப்படுத்தப் புலவர் தேர்ந்த வழி ஒரு கேட்டல் நிகழ்ச்சி என்பது கருதத்தக்கது. அதியமான் யாவன் என்ற வினாவுக்கு, அவன் எதை எவ்வாறு கேட்பான் என்பது விடையாகிறது.

இதே கருத்து 92-ஆம் பாடலில் மென்மையான வடிவில் அமைகிறது. குழந்தையின் மழலை யாழிசையோடும் ஒவ்வாது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது. இசைக்குரிய மூன்று இலக்கணங்களும் அதற்கு மறுக்கப்படுகின்றன. ஆயினும் அது தந்தையின் நெஞ்சில் அருளைச் சுரக்கச் செய்கிறது. தன் சொற்களும் அத்தகையனவே என்றும், பகைவரின் அரண் பல கடந்த அஞ்சி தன்பால் கொண்ட அருளே அவற்றை ஏற்கச் செய்கிறது என்றும் ஔவையார் கூறுகிறார்.

இது அவையடக்கம் என்ற அளவில் கடந்துசெல்லத்தக்க கூற்றன்று. உணர்வு ஒலியின் ஒழுங்கிலிருந்து பிறப்பதன்று. ஒலிப்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவிலிருந்து பிறப்பது என்ற கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. 89-ஆம் பாடலில் போர் நினைவு காற்றொலியைப் பொருளுடையதாக்கியது. 92-ஆம் பாடலில் அன்பு மழலையைப் பொருளுடையதாக்குகிறது. இரண்டிலும் ஒலி தன்னளவில் வெறுமையானது; கேட்பவனால் நிரப்பப்படுவது.

பண்ணும் பொழுதும்: மறதியின் பொருள்

தொல்காப்பியம் பறையையும் யாழின் பகுதியையும் கருப்பொருள்களுள் அடக்கிக் கூறும். ஒவ்வொரு திணைக்கும் தனித்தனிப் பறையும் யாழும் உண்டு. பண்களுக்குப் பொழுதும் வரையறுக்கப்பட்டிருந்தது: மருதம் காலைக்கும் செவ்வழி மாலைக்கும் உரியன. ஆக, பண் என்பது நிலத்தையும் பொழுதையும் தன்னுள் வைத்திருக்கும் பொது ஏற்பாடாக இருந்தது. ஒரு பண்ணைக் கேட்ட அளவில் கேட்போர் ஒரு நிலத்திலும் ஒரு வேளையிலும் நிறுத்தப்பட்டனர்.

இவ்வேற்பாடு குலைந்ததைப் பாடும் பாடலும் உண்டு. வள்ளல் நள்ளியை வன்பரணர் பாடிய 149-ஆம் பாடலில், பாணர் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் இசைக்கின்றனர். தம் மரபை மறந்துவிட்டனர். கொடுப்பதைக் கடனாக ஏற்ற நள்ளியின் வண்மையே அம்மறதிக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கொடைப் புகழ்ச்சியாக அமைந்த இப்பாடலில் ஓர் எச்சரிக்கையும் காணத்தக்கது. பசி தீர்ந்த நிலையிலும் இசை மரபு பிறழக்கூடும். பொருள் வழங்குவது மட்டும் மரபைக் காத்துவிடாது.

ஔவையாரின் 206-ஆம் பாடல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பரிசில் தரக் காலம் தாழ்த்திய அஞ்சியின் வாயில்காவலனை நோக்கிய பாடல் அது. அஞ்சி தன் தரம் அறியானோ, என் தரம் அறியானோ என வினவிய புலவர், தம் இசைக்கருவிகளைக் காவில் ஏற்றியாயிற்று, பையைக் கட்டியாயிற்று என்று அறிவிக்கிறார். சினத்தின் வெளிப்பாடு கருவிகளை மூடிக் கட்டுவதாக அமைகிறது. பரிசில் நீட்டித்தல் இங்குக் கேளாமையின் வடிவமாக உணரப்படுகிறது; கேட்கப்படாத இடத்தில் கருவி திறந்திருக்க வேண்டியதில்லை. அதியமானை எப்போதும் குறையற்ற வள்ளலாகவே காட்டும் பொதுநினைவில் இப்பாடலுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

103-ஆம் பாடலில், காவடியின் ஒருபுறம் பதலையும் மறுபுறம் சிறுமுழாவும் தொங்க, கவிழ்ந்து கிடக்கும் தன் மண்டையாகிய உண்கலத்தை நிமிர்த்துவார் யாரென்று விறலி ஒருத்தி வழியில் அமர்ந்திருக்கிறாள். அஞ்சி அண்மையில்தான் உள்ளான் என்று அவள் ஆற்றுப்படுத்தப்படுகிறாள். கருவியும் கலமும் இங்கு ஒருங்கே வைக்கப்படுகின்றன. இக்கலம் பின்னர்க் கையறுநிலைப் பாடலில் மீண்டும் வருவதால் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

தந்தையின் வாயிலும் மகனின் வாயிலும்

தனிமனித நினைவு கூட்டு நினைவாக மாறும் முறையை 390, 392 ஆகிய இரு பாடல்களையும் இணைத்துக் காணும்போது அறியலாம். முன்னது நெடுமான் அஞ்சியையும் பின்னது அவன் மகன் பொகுட்டெழினியையும் பாடியது. புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைப்பதால், இவ்விரண்டும் பழைய உரையின் துணையின்றியே படிக்கப்பட வேண்டியவை.

இரண்டிலும் ஔவையார் கிணைப்பொருநனின் குரலில் பேசுகிறார். 390-இல் அவன் தடாரியை அறைய, மலைக்கூட்டம் போன்ற மாடங்கள் எதிரொலிக்கின்றன. அஞ்சி அவன்மீது இரங்கி, நீர்ப்பாசி போன்ற பழைய உடையைக் களைந்து மலர் போன்ற புத்தாடை உடுத்துகிறான்; கள்ளும் ஊன்சோறும் அளிக்கிறான்; ஊர்ப்பொதியிலில் தங்கியிருக்கும் சுற்றத்தாரின் வருத்தம் நீங்க நெல் வழங்குகிறான். 392-இல் பொருநன் பனி பெய்யும் விடியலில் எழினியின் வாயிலில் நின்று, யானையின் அடிச்சுவடு போன்ற வட்டமான ஒருகண் கிணையை இசைத்து வாழ்த்துகிறான். எழினியும் ஊருணிக் கேணியின் பாசிவேர் போன்ற கந்தையை நீக்கி நுண்ணிய ஆடை உடுத்துகிறான். பொற்கலத்தில் பழந்தேறல் தருகிறான்.

வாயில், தோற்கருவி, பாசி போன்ற உடை, புத்தாடை, தேறல் என்ற வரிசை இரு பாடல்களிலும் ஒன்றேயாகும். கைலாசபதியின் நோக்கில் இது வாய்மொழிப் பாடலுக்குரிய வாய்பாடு. அவ்விளக்கத்தை ஏற்று மேலும் ஒரு படி செல்லலாம். வாய்பாடு என்பது பாடுவோரின் வசதிக்காக மட்டும் அமைந்ததன்று. கேட்போரின் நினைவுக்காகவும் அமைந்தது. மகனின் வாயிலில் பாசி உடையின் உவமை ஒலிக்கும்போது, தந்தையின் வாயிலில் அதே உவமை ஒலித்ததை அறிந்தோர் அவையில் இருந்திருப்பர். அவர்களுக்கு அது புதிய புகழ்ச்சியன்று. தந்தை கேட்டதை மகன் கேட்கிறான் என்ற அறிவிப்பாகும். எழினி அளிக்கும் ஆடை, கேட்போனின் இடத்தைத் தான் ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாகிறது.

392-ஆம் பாடல், விண்ணுலக அமிழ்தம் போன்ற கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தவனின் வழித்தோன்றல் என்று எழினியைச் சுட்டி முடிகிறது. கரும்பு கொணர்ந்த முன்னோர் பற்றிய இச்செய்தி அஞ்சியைப் பாடிய 99-ஆம் பாடலிலும் உள்ளது. குலத்தின் பழஞ்செய்தி தந்தைக்குப் பாடப்பட்டு, பின்னர் மகனுக்கும் பாடப்படுகிறது. 99-ஆம் பாடலில் மற்றொரு நுட்பமும் உண்டு. எழுவரை வென்ற அன்றும் நீ பாடுவோர்க்கு அரியனாக இருந்தாய். கோவலூரை அழித்த இன்று பரணன் உன்னைப் பாடினன் போலும் என்கிறார் ஔவையார். ஒரு பாடல் பிறிதொரு புலவரின் பாட்டை நினைவுகூர்கிறது. பாட்டு பாட்டைக் கேட்கும் இவ்வமைப்பே நினைவுத் தொடரின் கண்ணியாகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலர் மொரீஸ் ஆல்பவாக்ஸ், இசைக்கலைஞரின் கூட்டு நினைவு குறித்து 1939-இல் எழுதிய கட்டுரையில், இசை நினைவு தனிமனித மூளையில் தனித்து நிற்பதன்று, ஒரு குழு தனக்குள் பகிர்ந்துகொள்ளும் குறிகளையும் மரபுகளையும் சார்ந்து நிற்பது என்று வாதிட்டார். அவர் முதன்மையாகக் கருத்திற்கொண்டது ஐரோப்பியரின் இசைக்குறியீட்டை. தகடூர்ப் பாடல்களில் அவ்விடத்தை வாயில், விடியல், கிணை, வாய்பாடு ஆகியன ஏற்கின்றன. ஆனால் ஆல்பவாக்சின் குழு இசைப்போரின் குழு. ஔவையாரின் குழுவில் கேட்பவனும் இன்றியமையா உறுப்பினன். அவன் நீங்கினால் என்னாகும் என்பதே கையறுநிலைப் பாடல்களின் வினா.

கையறுநிலை: புகழ் எஞ்சியும் பாட்டு எஞ்சாமை

அஞ்சியின் மறைவைக் குறித்து ஔவையார் பாடியனவாக 231, 232, 235 ஆகிய பாடல்கள் உள்ளன. 231-இல் ஈமத்தீ அருகில் நெருங்கினும் விண்ணளவு நீளினும், கதிரவன் போன்றவனின் புகழ் அழியாது என்கிறார். 235-இல் இனிப் பாடுவோரும் இல்லை, பாடுவோர்க்கு ஒன்று ஈவோரும் இல்லை என்று முடிவுக்கு வருகிறார். புகழ் அழியாது எனில் பாடுவோர் எங்ஙனம் இல்லையாவர்? இவ்விரு கூற்றுகளும் தம்முள் முரண்படுவனபோல் தோன்றுகின்றன.

இம்முரணைத் துயரத்தின் மிகை என்று நீக்கிவிடாமல், இருவகை நினைவுகளின் வேறுபாடாகக் கொள்ள இடமுண்டு. புகழ் கூட்டு நினைவுக்குரியது. அதற்குக் குறிப்பிட்ட ஒரு கேட்போன் வேண்டுவதில்லை. பாட்டு என்பது ஒருவர் முன் ஒருவர் நின்று நிகழ்த்துவது. 235-ஆம் பாடலின் முற்பகுதி முழுவதும் அத்தகைய நேர்முக நினைவுகளால் ஆனது. கள் சிறிதே கிடைத்தால் எமக்குத் தருவான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாட, மகிழ்ந்து தானும் உண்பான். புலால் நாறும் என் தலையை நரந்தம் மணக்கும் தன் கையால் தடவுவான் என்று நினைவுகூர்கிறார். இவை பொதுப் புகழ்ச்சிகளல்ல; ஒருவருக்கு மட்டுமே தெரிந்த தனி நினைவுகள். அவற்றின் நடுவில் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த செயல் இடம்பெறுகிறது.

அதனையடுத்து, அவன் மார்பில் பாய்ந்த வேல் எவ்வெவற்றைத் துளைத்தது என்று பாடல் அடுக்குகிறது: பாணரின் மண்டை, இரப்போரின் கை, சுற்றத்தாரின் கண், இறுதியாகப் புலவரின் நா. 103-ஆம் பாடலில் நிமிர்த்தப்படக் காத்திருந்த கவிழ்ந்த மண்டை இங்குத் துளைபட்டுவிட்டது. இனி நிமிர்த்தியும் பயனில்லை. அடுக்கு கலத்தில் தொடங்கி நாவில் முடிவதும் நோக்கத்தக்கது. உண்கலத்தின் அழிவு வறுமை. நாவின் அழிவு மௌனம்.

முடிபின் வரிசையும் இதற்கு இயைய அமைகிறது. இழப்பு பொருள் சார்ந்தது மட்டுமாயின், ஈவோர் இல்லை, ஆதலின் பாடுவோரும் இல்லை என்று காரணத்தை முன்வைத்துக் கூறியிருத்தல் இயல்பு. பாடலோ பாடுவோர் இன்மையை முதலில் கூறி, ஈவோர் இன்மையைப் பின்னர்க் கூறுகிறது. கேட்போன் மறைந்த கணத்தில் பாடுவோர் பாடுவோராக இருத்தலும் முடிந்துவிடுகிறது என்பது அதன் உட்கிடை.

232-ஆம் பாடல் காலையும் மாலையும் இனி இல்லையாகட்டும் என்று தொடங்குகிறது. இதனை வாழ்நாள் வெறுப்பாகக் கொள்வது பொருந்தும். அத்துடன், பண்களுக்குரிய பொழுதுகளும் கிணையொலிக்கும் விடியலும் பாடுவோர் வாழ்வை வகுத்திருந்தமையை எண்ணினால், காலை மாலை வேண்டா என்பது பாடும் பொழுதே வேண்டா எனப் பொருள்படவும் இடமுண்டு. தொடர்ந்து, நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள்ளுகுத்தால், நாட்டையே கொடுத்தபோதும் கொள்ளாதவன் அதனைக் கொள்வானோ என்று வினவுகிறார். கல் அவனைக் குறிக்கும். ஆனால் பாடக் கேட்டு மகிழாது.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இக்கையறுநிலைப் பாடல்கள் இறந்தோனைக் காட்டிலும் பாடுவோரின் பிழைப்பையே அழுகின்றன என்ற மறுப்பு எழக்கூடும். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. வடதமிழகத்தின் தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்த இசபெல் கிளார்க்-தெசே, 2005-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இறந்தோருக்காக எவரும் அழுவதில்லை என்ற கருத்தை வைத்தார். ஒப்பாரியில் பெண்கள் தம் சொந்தத் துயரங்களையே பெரிதும் பாடுகின்றனர் என்பது அவரது முடிபு.

தொல்காப்பியம் இம்மறுப்பைப் பிறிதொரு கோணத்தில் காண உதவுகிறது. அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கின் வழித் தோன்றும் என்பது அதன் வகுப்பு. இழவும் வறுமையும் ஒரே உணர்வின் இரு வாயில்களாக அங்கு நிற்கின்றன. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்ற பாகுபாடு இல்லை. தன் வறுமையை அழுவதால் அவன் இழவை அழவில்லை என்று கூறுவது இம்மரபுக்கு ஒவ்வாது. 235-ஆம் பாடலில் தன்னிழப்பே அவன் பெருமையின் அளவுகோலாகிறது.

பப்புவா நியூகினியில் வாழும் கலூலி மக்களின் பாடல் நிகழ்வுகள் இதற்கு ஒரு ஒப்புமை தருகின்றன. எட்வர்ட் ஷீஃபெலின் (1976), ஸ்டீவன் ஃபெல்ட் (1982) ஆகியோர் விளக்கியபடி, விருந்தினராக வரும் பாடகர்கள் தம்மை வரவேற்றோரின் நிலங்களையும் ஓடைகளையும் பெயர் சொல்லிப் பாடுவர். அவ்விடங்களோடு தொடர்புடைய இறந்தோரின் நினைவால் கேட்போர் கதறியழுவர். துயர் தாளாது தீப்பந்தத்தால் பாடகரின் தோளைச் சுடுவர். பாட்டின் வெற்றி கேட்போரின் கண்ணீரால் அளக்கப்படுகிறது. பாடகர் இடப்பெயரைத் தருகிறார். நினைவைத் தருவோர் கேட்போர். காற்றறைந்த தண்ணுமையைக் கேட்ட அஞ்சியின் நிலைக்கு இது மிக அணுக்கமானது.

கல்லும் வாழ்த்தும்: தருமபுரியின் இன்றைய நிலை

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என வரிசைப்படுத்துகிறது. இறுதிப் படி வாழ்த்து. கல் நடப்பட்டுப் படையலிடப்பட்ட பின்னும் ஒலியின்றிச் செயல் நிறைவுறுவதில்லை என்பது இவ்வரிசையால் பெறப்படும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகள் வட்டெழுத்துப் பொறிப்புடைய நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் அவை தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் பொறிப்புகள் மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், ஆநிரை கவர்ந்த அல்லது மீட்ட பூசல், வீழ்ந்தவன் பெயர் ஆகியவற்றைத் தருகின்றன. இன்னும் பல கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் ஊர்களில் வழிபடப்படுகின்றன. அகழ்வைப்பகத்துக் கல்லில் பெயர் உண்டு, வாழ்த்தொலி இல்லை. ஊர்க்கல்லில் பல இடங்களில் வீரனின் பெயர் மறந்துபோயிற்று. ஆனால் வழிபாடும் அதற்குரிய ஒலியும் தொடர்கின்றன. நினைவின் இரு கூறுகள் இவ்வாறு இரு வேறு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன.

இப்பகுதியில் வழங்கும் பம்பை, உடுக்கைப் பாடல்கள் இங்குக் கருதத்தக்கவை. திருமணம் முதலிய நிகழ்வுகளுக்கு முன்னர்க் குடும்பத்தில் இறந்தோரைப் பம்பை இசைத்துப் பாடி அழைக்கும் வழக்கம் வடமாவட்டங்களில் உண்டு. மேற்குறித்த ஆய்வாளர் இசபெல் நபோகோவ் என்ற பெயரில் 2000-இல் வெளியிட்ட நூலில் அதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். குடும்பத்தார் ஒருவர்மேல் இறந்தவர் இறங்கிப் பேசும் வரை பாட்டு தொடர்கிறது. இறந்தவர் கேட்கிறார் என்ற நம்பிக்கையே அந்நிகழ்வின் அடிப்படை. 232-ஆம் பாடலில் ஔவையார் ஐயுற்ற இடத்தில் பம்பைக்காரர் நம்பிக்கை கொள்கிறார். சங்கக் கிணைக்கும் இன்றைய பம்பைக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி உண்டென்று காட்டச் சான்றில்லை. இங்குக் கூறப்படுவது ஒப்புமையே. ஆயினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்று: இறந்தவன் கேட்பானா?

இவ்விடத்தில் கருவியிசைப்போரின் சமூக நிலையையும் பேசாதிருக்க இயலாது. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகியோரைச் சிறப்புடைய நான்கு குடிகளாகப் புறநானூற்றின் 335-ஆம் பாடல் எண்ணுகிறது. பிற்காலத்தில் பறை, இழவு வீட்டில் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கடமையாயிற்று. அதனை அடிக்க மறுத்தல் தன்மதிப்புப் போராட்டத்தின் பகுதியாயிற்று. கடந்த சில பத்தாண்டுகளில் தலித் கலைக்குழுக்கள் அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. தோலும் மரமும் அடிக்கும் முறையும் பெரிதும் மாறாதிருக்க, இழிவாகக் கேட்கப்பட்ட ஒலி பெருமிதமாகக் கேட்கப்படுகிறது. மாறியது கேட்போரின் நிலை. ஒலி கேட்பவரால் நிரப்பப்படுகிறது என்ற 89, 92-ஆம் பாடல்களின் கருத்துக்கு இக்கால வாழ்வு தரும் சான்று இது. அதே வேளையில் இது ஒரு வினாவையும் முன்வைக்கிறது. அதியமானைப் பெருமையோடு நினைவுகூரும் சமூகம், அவன் வாயிலில் கிணையோடு நின்றவனை எந்த இடத்தில் நிறுத்திக் கேட்கிறது?

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. அதியமான் பாடல்களில் இசை பின்னணியாக அமையாமல், பாடுவோருக்கும் புரவலனுக்கும் உள்ள உறவின் வடிவமாகவே அமைந்துள்ளது. ஒலியின் பொருளும் உணர்வும் கேட்பவனின் நினைவாலும் அன்பாலும் உருவாகின்றன. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே வாய்பாட்டில் அமைந்த கிணைப்பாடல்கள், தனி நினைவு கூட்டு நினைவாக மாறும் வழியைக் காட்டுகின்றன. கையறுநிலைப் பாடல்கள், கூட்டு நினைவாகிய புகழ் எஞ்சினும் தனி நினைவுக்குரிய கேட்போன் மீளமாட்டான் என்பதைப் பதிவு செய்கின்றன.

இம்முடிபுகள் பாடத்திட்டத்திற்கும் பொருந்துவன. அதியமானை நெல்லிக்கனிப் பாடல் ஒன்றினால் மட்டும் அறிமுகப்படுத்துவதைக் காட்டிலும், 91-ஆம் பாடலோடு 89, 92, 206, 235, 392 ஆகியவற்றையும் சேர்த்துப் பயிற்றுதல் தகும். அவ்வாறு பயில்வோர், கனி தந்தவனை மட்டுமன்றிப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவனையும், ஒருமுறை கேளாது காக்கவைத்தவனையும் அறிவர். தருமபுரி மாவட்டத்தின் பம்பை, உடுக்கை, கூத்து இசை ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஆய்வாளர்கள் பாடல்களோடு கேட்போரின் நினைவுகளையும் பதிவு செய்தல் வேண்டும். எந்தப் பாட்டு, யார் முன், எந்நிகழ்வில் ஒலித்தது, அதைக் கேட்டோர் எதை நினைத்து அழுதனர் அல்லது மகிழ்ந்தனர் என்ற செய்திகள் இல்லாத ஒலிப்பதிவு, பெயர் மட்டும் பொறித்த நடுகல்லைப் போன்றதாகும். வாழ்த்து என்னும் இறுதிப்படி அதற்கு இன்னும் நிறைவேறவில்லை.